கழட்ட வராத தோடு

மருத்துவமனையில் அக்காவின் தோட்டைக் கழற்ற முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், காதில் உலோகம் இருக்கக் கூடாது என்று முதலில் ஒரு நர்ஸ் முயன்றிருக்கிறாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் அங்கே மின்சார வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டு, அவருடைய குறட்டால் காதுமடலுக்குப் பின்னால் நறுக்கென்று காதுக்கொரு வெட்டு. "இந்த மாதிரி தோடு நான் பார்த்ததே இல்லம்மா. பூட்டும் இல்ல, திருகும் இல்ல" என்று சொல்லி நர்ஸ் ஒரு பழுப்பு உறையை என் கையில் கொடுத்தாள். அது திங்கட்கிழமை, லாரி அக்காவின் ஸ்கூட்டரை இடித்த அன்று. வியாழக்கிழமை விடிந்தபோது அக்கா இல்லை. உறை என் கைப்பையில் இருந்தது.

தோடு ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நடந்தது எதுவும் யாருக்கும் புரியாது.

அக்கா பிறந்தபோது ஆண் என்றுதான் எழுதிவைத்தார்கள். வீட்டுக்கு அவள் இன்றுவரை மூத்த மகன். எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது ஒரு நாள், அப்பா வெளியே போயிருந்த நேரம், பட்டறையில் கொக்கி வளைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: "யாரும் இல்லாதப்ப என்னை அக்கான்னு கூப்பிடறியா? ஒரே ஒரு தடவை. சும்மாதான்." கூப்பிட்டேன். அதற்கப்புறம் என் வாயில் வேறு சொல் வரவில்லை. மற்றவர்கள் முன்னால் எதுவும் கூப்பிடாமல் "இந்தா", "இங்க பாரு" என்று வருஷக்கணக்கில் ஒப்பேற்றினேன். எல்லோர் காதிலும் விழும்படி அக்கா என்று கூப்பிட எனக்குத் தைரியம் இருந்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். கோபப்படுகிறவள் தன்னை விட்டுவிட்டுக் கோபப்படக் கூடாது.

அப்பாவுக்கு நகை வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததால் நான் எழுந்து காலேஜுக்குப் போக முடிந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதனால் பெரியப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, "பட்டதாரி" என்பார். கேட்கிறவர்களுக்குப் பெருமையாகக் கூப்பிடுவதுபோல் இருக்கும். எனக்குத் தெரியும், அது செருப்படி.

அக்காவின் கை நுணுக்கமான கை. எத்தனையோ பெண்களின் காதுக்குத் தோடு செய்தாள். செய்து முடித்த ஒவ்வொன்றையும் தன் காதுக்குப் பக்கத்தில் வைத்து, சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அரை நொடி பார்ப்பாள். "தொங்கல் நேரா இருக்கான்னு பார்க்கிறேன்" என்பாள். அப்பா நம்பினார். அல்லது நம்புகிறவர்போல் இருந்தார். பிறகு அந்தத் தோடு டப்பாவுக்குள் போய்விடும். யாரோ ஒருத்தி வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் தனக்கென்று ஒரு ஜோடி செய்தாள். வெள்ளிதான். காது குத்தி, புண் ஆறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பெரியப்பாவும் அன்று வந்திருந்தார். யாரும் கத்தவில்லை. அம்மா தட்டு வைத்தாள். பெரியப்பா எழுந்து, கை கழுவப் போகிறவர்போல் அவள் பின்னால் போய், ஒரு கையால் அவள் தலையை மேஜையோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் தோட்டைத் திருகி இழுத்தார். அக்கா முனகினாள். அப்போது அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மெதுவாண்ணே. திருகாணி மரை போயிடும்."

பெரியப்பா கை வைத்ததற்காக அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகப் போனாள். மறுநாள் காலையில் பட்டறையில் அப்பாவுக்கு எதிர்ப்பலகை காலியாக இருந்தது.

அவளுக்கு இடம் கொடுத்தது டெய்லரக்கா. அக்காவைப்போலவே பிறந்து, அக்காவுக்கு முன்னாலேயே வீட்டை விட்டு வந்தவள். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு மூலையில் தையல் மிஷின், இன்னொரு மூலையில் அக்காவின் பலகையும் குறடும் அரமும். ஆபீஸ் விட்டு நான் அங்கே போவேன், வீட்டில் ஏதாவது பொய் சொல்லிவிட்டு. அங்கேதான் இந்தத் தோடு பிறந்ததைப் பார்த்தேன்.

வெள்ளித் துணுக்குகளைக் கரித்துண்டின் மேல் வைத்து ஊதுகுழலால் தீயை ஊதினால் ஒவ்வொன்றும் தானாகவே உருண்டு கடுகளவு மணியாகிவிடும். அந்த மணிகளை முறுக்குக் கம்பி வளையத்துக்குள் வரிசையாகப் பற்றவைத்தாள். வலது காது கொஞ்சம் மேலே இருக்கிறது என்று வலது தோட்டை ஒரு மயிரிழை நீளமாகச் செய்தாள். கையில் வைத்துப் பார்த்தால் ஜோடி பொருந்தாது. அவள் போட்டுக்கொண்டால் மட்டும் பொருந்தும்.

திருகாணி வைக்கவில்லை. "திருகாணி இருந்தா எவன் வேணா திருகலாம்டி" என்றாள். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டத் தகடு, அதன் வழியாகத் தண்டு வெளியே வரும். வந்த முனையைக் குறட்டால் நசுக்கித் தலைப்பாகை மாதிரி ஆக்கிவிட்டால் முடிந்தது கதை. ரிவிட். தன் காதுக்குப் பின்னால் தானே நசுக்க முடியாது என்பதால் அந்த வேலையை டெய்லரக்காவிடம் விட்டாள்.

"துணிக்குத்தான் இதுவரைக்கும் பொத்தான் வச்சிருக்கேன். மனுஷிக்கு வைக்கறது இப்பதான்" என்று டெய்லரக்கா குறட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். "ஆடாத. காது போச்சுன்னா என்கிட்ட கேக்காத."

"ஆடறது நீ. என் தலை அப்படியேதான் இருக்கு."

நசுக்கி முடித்ததும் அக்கா தோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். காதுமடல்தான் நீண்டது. அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அவ்வளவுதான். இனிமே இது என் மச்சம் மாதிரி. என்னை எரிச்சாலும் கூடவே வரும்."

"வாயைக் கழுவு" என்றாள் டெய்லரக்கா.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்தத் தோடு அவள் காதை விட்டு இறங்கவில்லை. குளித்தாள், தூங்கினாள், காய்ச்சலில் கிடந்தாள், தோட்டோடு.

இவ்வளவும் தெரிந்த நான்தான் வியாழக்கிழமை காலையில் மருத்துவமனையின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா ஏற்கெனவே பாதியை நிரப்பிவைத்திருந்தார். பழைய பேர். பாலினம் ஆண். 'உடலைப் பெறுபவருக்கு உறவு' என்ற இடம் மட்டும் காலி. எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினால் போடுவார்கள். எனக்குத் தெரியாததா? அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மேலதிகாரி, அவருக்கு மேலே ஒருவர், ஆதாரம், அத்தாட்சி என்று இரண்டு நாள் அவளைக் குளிர்பெட்டியில் போட்டுவைப்பார்கள் என்று நினைத்தேன். 'சகோதரர்' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற டெய்லரக்கா அதைப் படித்தாள். அவளுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நாலு வருஷம் ஒரே அறையில் ஒரே விளக்கின் கீழ் இருந்தவளுக்கு 'உறவு' என்ற கட்டத்தில் எழுத ஒரு சொல் கிடையாது.

"எழுதியாச்சா?" என்றாள். "சரி, வா. தோடு பத்திரமா இருக்கில்ல? அது இல்லாம மட்டும் அனுப்பிடாதீங்க பாப்பா. மத்தது எப்படியோ போகட்டும்."

சத்தியம் செய்தேன். அவள் தலையில் கை வைத்துச் செய்தேன்.

போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து பதினோரு மணிக்கு உடல் வீட்டுக்கு வந்தது. தகனக்கூடத்தில் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பட்டறைப் பலகைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவள் பத்து வருஷம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே அவளைக் கிடத்தினார்கள். டெய்லரக்கா வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே கூப்பிட்டேன். பெரியப்பா என்னைப் பார்த்தார். அவள் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் பாப்பா, இங்க காத்து வருது" என்றாள்.

அம்மா உள்ளறையில் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீலக் கோடு போட்ட புதுச் சட்டை.

"ஏதும்மா இது?"

"போன வருஷம் வாங்கினது. வருவான்னு." காலரைத் திருப்பி மறுபடி தேய்த்தாள். "அளவு சரியா இருக்குமா? இளைச்ச மாதிரி இருக்கான்."

அம்மாவிடம் என்னால் சண்டை போட முடியவில்லை. அந்தச் சட்டையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில் காலர் பொத்தானை நானே போட்டுவிட வேண்டும்போலவும் இருந்தது.

பெரியப்பா முன்னறையில் வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஒருத்தர், நாற்காலிக்கு ஒருத்தர். "முடி வெட்டறவரை வரச்சொல்லியிருக்கேன். இப்படி முடியோட தூக்கிட்டுப் போனா நாலு பேர் கேப்பான், இது யாருன்னு."

"யாருன்னு சொல்லுங்க. சொல்ல முடியாதா?" என்றேன்.

"பட்டதாரி ஆரம்பிச்சிட்டாங்கப்பா."

"முடியில கை வச்சா நான் இந்த வாசல்ல உக்காந்துடுவேன் பெரியப்பா. என்னைத் தாண்டித்தான் வண்டி போகணும்."

"உக்காரும்மா. நாற்காலி வேணுமா?"

சுற்றியிருந்தவர்களில் ஒருவர் சிரித்து, பிறகு செத்த வீடு என்று நினைவு வந்து இருமினார். கத்தினால் நான் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. கத்துகிற பெண்ணை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவது எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சுலபம். அதனால் பேரம் பேசினேன். இன்றைக்கு நினைத்தால் வாய் கசக்கிறது. ஆனால் பேசினேன்.

"சட்டை போடுங்க. முடியைப் பின்னாடி கட்டித் துணிக்குள்ள வச்சிடுங்க, வெட்ட வேண்டாம். பழைய பேரையே சொல்லிக்குங்க. நான் எதுவும் கேக்கல. தோடு மட்டும் போடணும். அவ செஞ்ச தோடு. அதோட போகணும். அவ்வளவுதான்."

பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். முடி வெட்டுகிறவர் வருவதற்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. "தோடுதானே. இப்பல்லாம் ஆம்பளப் பசங்களும்தான் மாட்டிக்கிட்டுத் திரியறானுங்க. யாரு பார்க்கப்போறா" என்றார். "எங்க அது?"

உறையைப் பெரியப்பாவிடம் கொடுக்கவில்லை. சுவரோரம் தள்ளிய பலகைக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்டு இரண்டும் வெட்டுப்பட்டிருந்தன. அந்த வீட்டில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி படுத்திருந்தாள்.

அப்பா காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. உறையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். கண் தானாக லென்ஸைத் தேடியது. எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டார். பிள்ளை செத்துக் கிடக்கும்போது ஒரு மனுஷனுக்கு முதலில் என்ன தோன்றும்? என் அப்பாவுக்குத் தோன்றியது இது:

"ரெண்டும் ஒரே அளவு இல்லையே."

"காது ரெண்டும் ஒரே அளவு இல்லப்பா."

லென்ஸை எடுக்காமலேயே எதிரே படுத்திருந்த அவள் காதைப் பார்த்தார். வலது, இடது. பிறகு மறுபடி தோடு. "மணி நல்லா பிடிச்சிருக்கு. ஒண்ணுகூட வழியல" என்றார். என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. நாலு வருஷத்தில் அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். அதைக் கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை.

"பின்னாடி என்ன பண்ணியிருக்கு இங்க?"

"ரிவிட். யாரும் கழட்டக் கூடாதுன்னு. அதே மாதிரி வையுங்கப்பா."

அப்பா தகட்டை விரலில் உருட்டினார். "புதுத் தண்டு பத்தவச்சுடலாம். ஆனா ரிவிட்டுன்னா காதுல மாட்டிட்டுத்தான் நசுக்கணும்."

"டெய்லரக்கா நசுக்குவாங்க. முன்னாடியும் அவங்கதான் செஞ்சாங்க. வாசல்லதான் நிக்கிறாங்க."

"அப்போ காது இளக்கமா இருந்திருக்கும். இப்ப..." அவர் நிறுத்தினார். வேலையைப் பற்றிப் பேசுகிறவரைக்கும் அவர் குரல் சரியாகத்தான் இருந்தது. "இப்ப தாங்காது. பெட்டியில மூணு மணி நேரம் வச்சிருந்திருக்காங்க. குறடு பட்டா கிழியும். புள்ளைக்குக் காது கிழியும்."



"திருகாணி வைக்கிறேன். என்கிட்ட இருக்கு, நல்ல மரை. ஒரு சுத்து சுத்தினா போதும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மணி பார்த்தேன். பன்னிரண்டரை. வண்டி மூன்றரைக்கு. பெரியப்பா மனம் மாறுவதற்குள் தோடு காதில் ஏறினால் போதும் என்று நினைத்தேன். அப்பா பலகையை இழுத்து, வெண்காரம் குழைத்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊதினார். சாவு வீட்டில் ஊதுகுழல் சத்தம் கேட்டு எல்லோரும் வாயை மூடினார்கள். புதுத் தண்டு, அதில் அவரே வெட்டிய மரை, பழைய தகடு இருந்த இடத்தில் திருகாணி. அரத்தால் பிசிறு தட்டி, துணியால் துடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட இடம் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உடைந்து வந்ததை அப்படியே ஒட்டித் தரமாட்டார்கள், முன்னைவிட நன்றாக்கித்தான் தருவார்கள்.

மாட்டிவிட டெய்லரக்காவைக் கூட்டிவந்தேன். இந்தத் தடவை பெரியப்பா பார்த்ததை நான் பார்க்கவில்லை. டெய்லரக்கா நீலக் கோட்டுச் சட்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், அக்காவின் நகப்பூச்சை யாரோ பாதி சுரண்டியிருந்தார்கள். மண்டியிட்டு, தோட்டை எடுத்துத் திருப்பினாள். கை அங்கேயே நின்றது.

"திருகாணியா?"

"காது தாங்காதுன்னு அப்பா..."

"ஓ." தோட்டை மாட்டினாள். சுற்றினாள். வலது காது, இடது காது. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன. சட்டைக் காலருக்கு மேலே அந்த வெள்ளி மணிகள் வந்ததும் படுத்திருந்தவள் அக்காவாகிவிட்டாள். அதுவரை யாரோ ஒரு ஆள் கிடந்ததுபோல் இருந்தது. அம்மா உள்ளறை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். அவளும் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று இன்றுவரை சொல்கிறாள்.

டெய்லரக்கா அவள் நெற்றியில் கையை வைத்தாள். "போய்ட்டு வாடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து மறுபடி கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

தகனக்கூடம் எந்த அலுவலகத்தையும்போலத்தான் இருந்தது. சிமெண்டுத் தரை, ஓர் இரும்பு மேஜை, மின்விசிறி. உலைக்கு முன்னாலிருந்த கூடத்துக்குள் வீட்டு ஆட்கள் நாலு பேருக்குமேல் அனுமதியில்லை என்றார்கள். அப்பா, பெரியப்பா, பெரியப்பாவின் மகன், நான். "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "படிவம் யாரு படிக்கப்போறா, நீங்களா?" என்றேன். அவர் நகர்ந்து வழிவிட்டார். டெய்லரக்கா வெளியே மரத்தடியில் நின்றாள்.

உலை பார்க்கிறவர் ஐம்பது வயதுக்காரர், சலித்துப்போன ஆனால் கெட்டவரில்லாத முகம். ஒவ்வொரு உடலுக்கும் சொல்வதை எங்களுக்கும் ஒப்பித்தார். "செல்போன், பேட்டரி, பெல்ட், கண்ணாடி எதுவும் உள்ள போகக் கூடாது. நகை இருக்கா?"

"தோடு இருக்கு" என்றார் பெரியப்பா.

"கழட்டிடுங்க."

"வேண்டாங்க" என்றேன். "அது அவங்களோட போகணும்."

"எனக்கொண்ணும் இல்லம்மா. உலைக்கும் ஒண்ணும் ஆகாது. எத்தனை பேரு கால்ல கம்பி, பல்லுல உலோகம்னு போறாங்க. கழட்ட வராததை அப்படியே விட்டுடுவோம். வர்றதைக் கழட்டித்தான் ஆகணும். நாளைக்கு நகையைக் காணோம்னு சொந்தக்காரங்க வந்து என் சட்டையைத்தான் பிடிப்பாங்க. பிடிச்சிருக்காங்க." அவர் என்னைப் பார்த்தார். "கழட்ட வருமா, வராதா?"

"வராது" என்றேன்.

சட்டென்று சொல்லிவிட்டேன், கண்ணைப் பார்த்து. அவரும் நம்புவதற்குத் தயாராகத்தான் இருந்தார். அவருக்கு அடுத்த உடல் காத்திருந்தது. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். அப்போது பெரியப்பா சொன்னார்: "அவளை ஏன் கேக்கறீங்க? தோட்டைச் சரிபண்ணினதே இவன்தான். நகை வேலைக்காரன். இவனைக் கேளுங்க."

உலை பார்க்கிறவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "பெரியவரே, வருமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரே சொல். வராது. மூன்றெழுத்து. யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் சோதிக்கப்போவதில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. புரியவில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். புரிந்தது.

"வரும்" என்றார் அப்பா. "திருகாணிதான்."

பெரியப்பா கையை நீட்டினார். அப்பா அவரை விலக்கிவிட்டுத் தானே குனிந்தார். கட்டைவிரலை மடலுக்கு அடியில் தாங்கலாக வைத்து, இன்னொரு கையால் திருகாணியைப் பிடித்தார். பட்டறைக்கு வருகிற பெண்களுக்குக் கழற்றும்போது, மடல் இழுபட்டு வலிக்கக் கூடாது என்று அவர் வழக்கமாக வைக்கும் அதே தாங்கல். ஒரு சுற்று. இரண்டு சுற்று. அவர் வெட்டிய மரை எங்கேயும் சிக்காமல் சுழன்றது. வலது காது. பிறகு தலையை மெல்லத் திருப்பி இடது காது. கழற்றியபின் துளையை விரலால் ஒருமுறை நீவிவிட்டார்.

காலருக்கு மேலே வெறும் காது. மறுபடியும் யாரோ ஒரு ஆள்.

வண்டி உள்ளே போயிற்று. கதவு இறங்கியது.

வெளியே வரும் நடையில் அப்பாவை நிறுத்தினேன். பெரியப்பா முன்னால் போய்விட்டிருந்தார்.

"ஏன்ப்பா வரும்னு சொன்னீங்க?"

"கேட்டாரு."

"வராதுன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை."

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார். உண்மையாகவே புரியாமல். "வர்றதை வராதுன்னு எப்படிம்மா சொல்றது? நான் வச்ச திருகாணி."

அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் சட்டைப்பையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பைக்குள் தோடு. பெரியப்பா அவள் தலையை மேஜையில் அழுத்திய அன்று இந்தக் கை நீளவில்லை. இன்று பொத்திவைத்து என்ன ஆகப்போகிறது? அவர் அழுதால் நான் மன்னித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நல்லவேளை, அழவில்லை.

மரத்தடியில் டெய்லரக்கா எங்களைப் பார்த்து எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தாள். புகைபோக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போய்ட்டாளா?"

"போய்ட்டா."

"தோட்டோடதானே?"

காலையில் அவள் தலையில் வைத்த கை என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தோட்டோடதான்" என்றேன்.

டெய்லரக்கா கண்ணை மூடி மூச்சை விட்டாள். நாலு நாளாக இழுத்துப் பிடித்திருந்தவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அப்பாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "திருகாணியைப் பார்த்ததும் பயந்துட்டேங்கய்யா. தப்பா நினைச்சுட்டேன். நல்லா செஞ்சு குடுத்தீங்க. அவ ரொம்ப ஆசைப்பட்டா, ஒரு தடவையாவது அப்பா என் வேலையைக் கையில எடுத்துப் பார்க்கணும்னு."

அப்பாவின் வாய் திறந்தது. உள்ளே 'வரும்' என்று சொன்ன அதே வாய். இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.